பாட்டில்லாத ஹெட்போன்

"என்ன பாட்டு கேக்குறீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். லாரி டிரைவர்கள் கேட்டிருக்கிறார்கள், டீ கொண்டு வருகிறவர் கேட்டிருக்கிறார், சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார், என் மாமனார் கேட்டிருக்கிறார். அரியலூர் ரயிலடியில் முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, கழற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பாட்டு எதுவும் கேட்கவில்லை, சத்தம் கேட்காமல் இருக்கத்தான் மாட்டியிருக்கிறேன் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. சொல்லக்கூடாத ஏதோ பாட்டைக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் விளக்கிப் பார்த்தேன். பிறகு "பழைய பாட்டு" என்று சொல்லப் பழகிவிட்டேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

என் மனைவி வேப்பந்தட்டைப் பக்கம். எதையும் நேராகக் கேட்டுவிடுவாள். "காதுல மாட்டுறது கேக்கத்தானங்க? ஒண்ணும் கேக்காம இருக்க எவனாவது காசு போட்டு வாங்குவானா?" என்றாள். நான் வாங்கினேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலாவதைச் சொல்லாமல் அது விளங்காது.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஒரு கான்ட்ராக்டரிடம் எனக்கு வேலை. எடை மேடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். நம்பரைத் தட்டி, எடையைப் பதிந்து, சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். எனக்கென்று ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்கு இடது பக்கம் நாற்பது எட்டு வைத்தால் கிரஷர். பாறையை விழுங்கி ஜல்லியாகத் துப்புகிற இயந்திரம். அதன் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. மேஜையில் வைத்த டீ டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழும் என்று மட்டும் சொல்கிறேன். சேர்ந்த முதல் வாரம் இரண்டு டம்ளர் உடைத்தேன். அதற்குப் பிறகு டீயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குடிப்பேன்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கரண்ட் போய் மின்விசிறியும் டிவியும் நின்ற நேரம், என் இடது காதுக்குள் மட்டும் ஒரு சத்தம் நிற்காமல் ஓடுவதைக் கவனித்தேன். மெல்லிய, நீளமான, ஒரே மாதிரியான சத்தம். எங்கோ ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து வீட்டைச் சுற்றி வந்தேன். மனைவி, "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள். டிவி சத்தத்தை நான் கூட்டிக்கொண்டே போகிறேன் என்று அவள் ரொம்ப நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததற்கு அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது.

பெரம்பலூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார், பரிசோதனை செய்கிற ஓர் அம்மா. வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காது வந்ததும் கை சும்மா கிடந்தது. அந்த அம்மா பரிசோதனையை ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்து, "போடுங்கம்மா" என்றேன். "போட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இடது காதுல கொஞ்சம் போயிடுச்சு. போனது வராது. இருக்கறதக் காப்பாத்திக்கங்க. எங்க வேல பாக்குறீங்க?"

சொன்னேன்.

"காதுக்கு அங்க ஒண்ணும் குடுக்கலையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கொடுக்காதவன் கான்ட்ராக்டர், கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவன் நான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே, "ஒனக்காச்சும் ரூமு இருக்குப்பா. வெயில்ல நிக்கிறவனே கேக்கல, நீ கேக்குற" என்றார். அவர் காதில் பஞ்சு இருந்தது. தனக்கு வேண்டியதைத் தன் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன்தான் அந்த ஹெட்போனைப் பற்றிச் சொன்னான். வெளியிலிருந்து வரும் சத்தத்தை அதுவே அளந்து, அதற்கு எதிர்ச்சத்தத்தை உள்ளே எழுப்பி அணைத்துவிடுமாம். விமானத்தில் போகிறவர்கள் தூங்குவதற்கு மாட்டுவார்களாம். விமானத்தைத் தலைக்கு மேலே போகும்போது மட்டுமே பார்த்திருக்கிற நான், அதை வாங்கி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மாட்டினேன். மாட்டி, பொத்தானை அமுக்கிய முதல் நாள் கிரஷர் முழுதாக நிற்கவில்லை. ஆனால் பக்கத்து ஊருக்குத் தள்ளிப் போனது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

நாலு வருடம் அது உழைத்தது. சுரங்கத்துத் தூள் மாவு மாதிரி இருக்கும், எதற்குள்ளும் புகும். காது மெத்தை உரிந்து, கறுப்புக் கறுப்பாகச் செதில் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையில் ஊறி, மடக்கும் இடம் உடைந்து, கரண்ட் வேலைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றி வைத்திருந்தேன். கடைசியில் இடது பக்கம் அணைப்பதை நிறுத்திவிட்டது. எந்தக் காதுக்காக வாங்கினேனோ அந்தக் காதைக் கைவிட்டுவிட்டது. அதோடு வலது பக்கம் ஒரு சீறல் வேறு. நாள் முழுக்க கிரஷரைத் திட்டுவேன், சாயங்காலம் ஹெட்போனைத் திட்டுவேன், வீட்டுக்குப் போய் மனைவியைத் திட்டுவேன். "அதக் கழட்டிட்டுத் திட்டுங்க, நான் சொல்றதும் கேக்கட்டும்" என்பாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு கடையில் புதிதாக வந்த ஹெட்போனைப் பார்த்தேன். பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் குறைப்பார்களாம். என்னுடையதை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். வெள்ளையாகத் தூள் கொட்டியது. கடைக்காரர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு அடிக்கிற வேலைங்களா சார்?"

"அப்படித்தான் வச்சுக்கங்க."

புதியதை மாட்டிவிட்டு, "பாட்டு போடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். "பாட்டு போடாம எப்படி சார் டெஸ்ட் பண்றது?" என்று அவர் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. அதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டேன். எதிரே துறையூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கண்டக்டர் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஹாரன் இல்லை, இன்ஜின் இல்லை, மின்விசிறி இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பக்கத்தில் நின்ற மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்காமலே "வாங்கிக்கங்க" என்றாள். அவளும் என்னோடு சேர்ந்து நாலு வருடம் அந்தச் சத்தத்தில் குடித்தனம் நடத்தியவள்தானே.

சந்தோஷம் மறுநாள் காலை எட்டரை மணி வரை இருந்தது. முதல் லாரி மேடையில் ஏறியது. "வண்டி நம்பர் என்ன?" என்று கேட்டேன். கேட்ட மறு நொடி, கிரஷர் முழுசாக என் தலைக்குள் இறங்கியது. தூக்கிவாரிப் போட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக அமைதியானது. அடுத்த லாரி, அடுத்த "வண்டி நம்பர் என்ன?", மறுபடி கிரஷர். இரண்டு நாள் இதே கூத்து. நாம் வாயைத் திறந்தால், எதிரே யாரோ நம்மிடம் பேசப்போகிறார்கள் என்று அதுவே முடிவு செய்து, காதைத் திறந்துவிடுமாம். அதுதான் புதுமையாம். அதற்குத்தான் கூடுதல் விலையாம். இதை யோசித்தவன் எந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து யோசித்தானோ தெரியவில்லை. நாள் பூராவும் லாரிக்காரனோடு கத்திக்கொண்டிருக்கிற ஒருத்தன் இதை மாட்டுவான் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். மூன்றாம் நாள் மனைவிதான் ஹெட்போனோடு இணைத்திருந்த என் போனைப் பிடுங்கி, எங்கெங்கோ நோண்டி, அந்தப் புதுமையை அணைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. பெருமை தாங்காமல் டாக்டரிடம் அடுத்த முறை போனபோது கையோடு எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்த வேலைக்கு இல்லீங்களே. பிளாஸ்டிக்ல மஃப்னு வரும், ரோடு போடுறவங்க மாட்டியிருப்பாங்க. அது இதுல பத்துல ஒரு பங்கு வெல. காதுக்கு அதுதான் நல்லது" என்றார்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. படத்தில் பார்த்திருக்கிறேன், மஞ்சள் கிண்ணம் இரண்டை வளையத்தில் கோத்த மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்வதென்றால், அதை மாட்ட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மஃப் மாட்டினால் தொழிலாளி, ஹெட்போன் மாட்டினால் கம்ப்யூட்டர் சார். லாரிக்காரர்கள் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து மடங்கு காசைக் கொடுத்துக் காதைப் பாதி காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டர் மேல் இருந்த ஆத்திரத்தில் கொஞ்சம் அன்றைக்கு என் பக்கமும் திரும்பியது.

கிரஷரிலிருந்து ஜல்லியை ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் ஓர் அக்கா வேலை செய்கிறார். ஐம்பது வயது இருக்கும். பெல்ட்டிலிருந்து சிந்துகிற கல்லையும் தூளையும் கூடையில் வாரி மறுபடி மேலே கொட்ட வேண்டும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையையும் மூக்கையும் சுற்றித் துண்டு, கண் மட்டும் தெரியும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அவர் அங்கே இருக்கிறார். என் கொட்டகையிலிருந்து கிரஷர் நாற்பது எட்டு என்றேன், அவருக்கு நாலு எட்டு.

அவரைப் பற்றி அங்கே நல்ல பேச்சு கிடையாது. "அந்தம்மாவா? சொன்னா காதுலயே வாங்காது" என்பார் சூப்பர்வைசர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தடவை டிப்பர் லாரி ஒன்று அவர் நின்ற பக்கம் பின்னோக்கி வந்தது. நான் ஜன்னலிலிருந்து கத்தினேன், டிரைவர் ஹாரன் அடித்தார், கிளீனர் கதவைத் தட்டினார். அவர் பாட்டுக்கு வாரிக்கொண்டிருந்தார். வண்டியின் நிழல் மேலே விழுந்த பிறகுதான் நிமிர்ந்து, சாவகாசமாக விலகினார். "சாவப் போறியாக்கா? அவ்வளவு திமிரா?" என்று ஓடிப்போய்க் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, "சாப்ட்டேன் சார்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அன்று முழுக்க எனக்குக் கோபம். அந்த இடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவோம். பாதி பேச்சு கையாலேயே நடக்கும். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று யாருக்கும் தெரிய வழியில்லை.

போன வருடம் பாதுகாப்புச் சோதனைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். முதல் நாளே ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால், டாக்டர் சொன்ன அதே மஞ்சள் மஃப், பாலித்தீன் உறையோடு. சூப்பர்வைசர் என்னிடம் பெயர்ப்பட்டியல் கொடுத்து அடிக்கச் சொன்னார். வரிசை எண், பெயர், காதுகாப்பு பெற்றுக்கொண்டேன், கையொப்பம். நான்தான் அடித்தேன். கட்டம் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, தலைப்பைப் பெரிய எழுத்தில் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒரு வரி இருந்தது. மஃப் கைக்கு வருவதற்கு முன்பே எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இத்தனை வருடம் கழித்தாவது கொடுக்கிறார்களே என்று நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன்.

அதிகாரி வந்த நேரம் கிரஷரை நிறுத்திவிட்டார்கள். அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்க வேண்டும் அல்லவா? அந்த இயந்திரம் எப்படிக் கத்தும் என்று தெரியாமலே அவர் காதுப் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வரிசையில் நின்றோம், எல்லோர் காதிலும் மஞ்சள் மஃப். போட்டோ எடுத்தார்கள். என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"வேல நேரத்துல பாட்டா?"

"இல்ல சார். சத்தத்துக்கு."

"இதுக்கெல்லாம் அனுமதி இல்ல. உள்ள வையுங்க."

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று, "எத்தன தடவ சொல்லியாச்சு சார்" என்றார். என்னிடம் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்தேன்.

ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகு சூப்பர்வைசர் அதே அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். "போட்டுருங்க, போட்டுருங்க. ஒறையோட போடுங்கப்பா, அழுக்காக்காதீங்க. அடுத்த வருசமும் வேணும்."

வரிசையாகக் கழற்றிப் போட்டார்கள். நானும் கழற்றிப் போட்டேன். எனக்கு அடுத்து நின்ற அந்த அக்கா, மஃப்பை உறைக்குள் நுழைத்து, பிரித்த ஒட்டுத்தாளை மறுபடி நகத்தால் நீவி நீவி ஒட்டினார். கல்யாண வீட்டில் இரவல் வாங்கிய நகையைத் திருப்பிக் கொடுக்கிறவர் மாதிரி அவ்வளவு பதவிசாகப் பெட்டியில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. தன்னுடையதைத்தானே கொடுக்கிறோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நான் அடித்த வரி இருக்கிறது, கீழே அவர் கையெழுத்து இருக்கிறது, காது மட்டும் வெறும் காது.

கிரஷரைப் போட்டுவிட்டார்கள். அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பெல்ட்டுக்கு அடியில் போய்விட்டார். நான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை. மேடையில் ஒரு லாரி நின்று ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று என் புது ஹெட்போனை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு நாளைக்காவது, பத்து நிமிடத்துக்காவது, இந்தச் சத்தம் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும். தெரிந்தால் அவருக்கும் கோபம் வரும். இரண்டு பேருக்குக் கோபம் வந்தால் போய்க் கேட்கலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

தோளைத் தொட்டேன். நிமிர்ந்தார். ஹெட்போனைக் காட்டி, மாட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் கூச்சப்பட்டு, கையைச் சட்டையில் துடைத்து, "எனக்கு எதுக்கு சார், அழுக்காயிரும்" என்றார். நானே துண்டை விலக்கி மாட்டிவிட்டேன். பொத்தானை அமுக்கினேன். நாலு எட்டில் கிரஷர் பாறையை அரைத்துக்கொண்டிருந்தது. வெறும் காதோடு நின்ற எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரம்பலூர் கடையில் என் முகம் மாறியதே, அது மாதிரி மாறும் என்று காத்திருந்தேன்.

மாறவில்லை. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"எப்படிக்கா இருந்துச்சு?" என்று கத்தினேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "நல்லாருக்கு சார். காதுக்கு மெத்துனு இருக்கு."

"மெஷின் சத்தம்? மெஷின் சத்தம் நின்னுச்சா?"

"மெஷினா?" கிரஷரைத் திரும்பிப் பார்த்தார். "இது எங்க சார் சத்தம் போடுது? முன்ன ஒண்ணு இருந்துச்சு, அதுதான் பேயாக் கத்தும். வூட்டுக்குப் போனாலும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். இத மாத்துன பெறகு ஒண்ணும் தொந்தரவு இல்ல. நல்ல மொதலாளி சார். நாம கேக்காமலே மாத்திக் குடுத்தாரு."

"எப்பக்கா மாத்துனாங்க?"

"பச்சை பெயிண்ட் அடிச்சு வந்துச்சே சார். மூணு வருசம் இருக்காது?"

மூன்று வருடத்துக்கு முன்னால் கிரஷருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் மட்டும்தான் அடித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே நிற்பது ஒரே இயந்திரம், வருடா வருடம் தேய்ந்து இன்னும் மோசமாகக் கத்துகிற அதே இயந்திரம். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அதே மெஷின்தான்க்கா. மாத்தவே இல்ல."

இரண்டு தடவை சொன்ன பிறகு அவருக்குப் புரிந்தது. சிரித்துவிட்டார்.

"போங்க சார். சத்தம் கொறஞ்சது எனக்குத் தெரியாதா? எனக்கென்ன, காதா கேக்கல?"

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பெல்ட்டுக்கு அடியில் குனிந்து போனார்.